கண்டெடுத்த சுருளும் கையளித்த ஏடும்

சென்ற தவக்காலத்தின் முதல் ஞாயிறு மாலை, நம் பங்கு இளையோர் பங்கு இல்லக் கூடத்தில் கூடி, சுவரில் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, ஓர் ஆங்கிலத் திரைப்படம் பார்த்தனர். தவக்காலத்தில் பேய்ப்படமா என்று நாம் முகம் சுளித்தது உண்மை. கதவருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு இறுதிவரை அதைப் பார்த்ததும் உண்மை. விளக்கு எரிந்தவுடன் ஒரு சிறுவன், "ஃபாதர், இது நிஜமா நடந்ததா?" என்று கேட்டான். மூத்தவர்கள் சிரித்தனர். அவர்களுள் ஒருவன் கைப்பேசியைத் தட்டி, எல்லாம் நடிப்பே என்று அரை நிமிடத்தில் அறிவித்துவிட்டான். சிறுவனின் முகத்தில் நிம்மதியும் ஏமாற்றமும் ஒருங்கே தெரிந்தன.

சில நாள்கள் கழித்து மார்ச் 7 வந்தது. புனித பெர்பெத்துவா, பெலிசித்தா ஆகியோரின் நினைவு நாள் அது. தவக்காலத்தில் வருவதால் பெரும்பாலும் ஓசையின்றிக் கடந்துபோகும். அன்று காலைத் திருப்பலியில் மறையுரைக்கு நாம் அவ்விருவரையே எடுத்துக்கொண்டோம். பெர்பெத்துவா சிறையில் தன் கைப்பட எழுதிய குறிப்புகளைப் பற்றியும், அவள் கொல்லப்படுவதற்கு முந்திய நாளோடு அவை நின்றுவிடுவதைப் பற்றியும், மீதியை வேறொருவர் எழுதி முடித்ததைப் பற்றியும் உருக்கமாகவே பேசினோம். திருப்பலி முடிந்ததும், கல்லூரியில் வரலாறு பயிலும் மாணவி ஒருத்தி நம்மை வழிமறித்தாள். "அந்த ஏடும் யாரோ கண்டெடுத்ததுதானே ஃபாதர்? முடிவை வேற ஆள் எழுதினாருன்னு நீங்களே சொன்னீங்க. அன்னைக்குப் பார்த்த படமும் அப்படித்தானே ஆரம்பிச்சுது? இது மட்டும் நிஜம்னு எப்படிச் சொல்றீங்க?" திருச்சபை ஏற்றுக்கொண்டிருக்கிறது, அது போதும் என்று சொல்லிவிட்டுத் திருவுடை மாற்றச் சென்றோம். நடந்துபோகும்போதே, அது பதிலன்று என்பது நமக்குத் தெரிந்திருந்தது. அவள் கேள்விக்குக் காலந்தாழ்த்திய பதில்தான் இக்கட்டுரை.

முதலில் அந்தத் திரைப்படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' என்னும் அப்படம் 1999இல் அமெரிக்காவில் வெளிவந்தது. டேனியல் மைரிக், எதுவார்தோ சான்செஸ் என்னும் இரு இளைஞர்கள் அதை இயக்கினர். கருந்திரையில் சில வரிகளோடு படம் தொடங்குகிறது. மேரிலாந்து மாநிலத்தில் பர்க்கிட்ஸ்வில் என்னும் ஊருக்கு அருகிலுள்ள காட்டுக்குள் 1994 அக்டோபரில் ஆவணப்படம் எடுக்கச் சென்ற மாணவர் மூவர் காணாமற்போயினர், ஓராண்டுக்குப் பின் அவர்கள் எடுத்த ஒளிப்பதிவுகள் மட்டும் கிடைத்தன என்பது அவ்வரிகளின் சாரம். அதன்பின் நாம் காண்பதெல்லாம் அந்த மூவர் எடுத்ததாகச் சொல்லப்படும் காட்சிகளே. பின்னணி இசை இல்லை. பேயும் கண்ணுக்குத் தென்படுவதில்லை. ஆடும் கேமரா, இருட்டு, மூச்சிரைப்பு, வழிதவறியவர்களின் சச்சரவு ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. கடைசியில் பாழ்வீடொன்றின் நிலவறையில் கேமரா தரையில் விழுகிறது. படம் முடிந்துவிடுகிறது.

இவ்வகைப் படங்களைக் 'கண்டெடுத்த ஒளிப்பதிவு'ப் படங்கள் என்கிறார்கள். 2007இல் வந்த 'பாரநார்மல் ஆக்டிவிட்டி'யும், அதே ஆண்டு ஸ்பெயினில் வந்த 'ரெக்' என்னும் படமும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. பேயோட்டும் குருக்களைக் காட்டும் இவ்வகைப் படங்களும் பல உண்டு. அவற்றில் வரும் குருக்களைப் போன்ற ஒருவரை நம் இருபத்தைந்தாண்டுக் குருத்துவப் பணியில் நாம் சந்தித்ததில்லை.

பிளேர் விட்ச் படத்தின் நடிகர்கள் மூவரும் தங்கள் சொந்தப் பெயரிலேயே நடித்தனர். கேமராவையும் அவர்களே இயக்கினர். பேச்சில் பெரும்பகுதி எழுதித் தரப்பட்டதன்று. அன்றன்று என்ன செய்ய வேண்டும் என்னும் குறிப்புகளைக் காட்டில் அவர்களுக்காக வைத்துவிட்டு இயக்குநர்கள் ஒதுங்கிக்கொண்டனர். எட்டே நாள் படப்பிடிப்பு. நாளாக ஆக உணவையும் குறைத்தனராம். ஆகவே நடிகர்களின் சோர்விலும் எரிச்சலிலும் மெய்யும் ஓரளவு கலந்திருந்தது. வெளியீட்டை ஒட்டி, காணாமற்போனோர் அறிவிப்புகளைப் போன்ற தாள்களை அச்சிட்டு வழங்கினர். கதாநாயகியின் தாயாருக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தன. மகளோ நலமாக இருந்தாள். உலகெங்கும் அப்படம் ஈட்டிய தொகை ஏறத்தாழ 25 கோடி டாலர்.

மக்கள் ஏன் நம்பினர்? பிழைகளால்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. சாதாரணப் படத்தில் கலங்கிய காட்சி ஒரு குறை. இங்கே அதுவே சான்றாகிவிடுகிறது. புனைகிறவன் இதைவிட நன்றாகப் புனைந்திருப்பான் அல்லவா என்று நம் மனம் நமக்கே தெரியாமல் வாதிடுகிறது.

இந்த வாதத்தை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். குருமடத்தில் விவிலிய வகுப்பில், சைக்ளோஸ்டைல் செய்த குறிப்புகளில், ஒரு நெறி கற்பிக்கப்பட்டது. தொடக்கத் திருச்சபைக்குச் சங்கடம் தரக்கூடிய செய்தி ஒன்று நற்செய்தியில் இருந்தால், அது நிகழ்ந்ததாகவே இருக்கும், ஏனெனில் எவரும் தமக்கே இழுக்குத் தருவதைக் கட்டிப் பேசமாட்டார் என்பது அந்நெறி. பேதுருவின் மறுதலிப்பும் யோவானிடம் இயேசு திருமுழுக்குப் பெற்றதும் அதற்கு வழக்கமான சான்றுகள். அந்நெறி முற்றிலும் பயனற்றது என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் கடந்த சில பத்தாண்டுகளில் விவிலிய அறிஞர்களே அதைத் தராசில் இட்டு, நாம் கற்றதைவிட அது எடை குறைந்தது என்று காட்டியிருக்கிறார்கள். எது அவர்களுக்குச் சங்கடமாக இருந்தது என்பதை இத்தனை நூற்றாண்டுக்குப் பின் நாமே ஊகித்துக்கொண்டு, அந்த ஊகத்தின்மீதே வீடு கட்டுகிறோம். கரடுமுரடையும் விரும்பினால் செய்துகொள்ளலாம் என்பதற்கு அந்தக் காட்டுப் படமே சான்று.

மாற்கு நற்செய்தியின் முடிவை இங்கு எண்ணிப் பார்க்கலாம். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் ஏடுகள் இரண்டிலும் அந்நற்செய்தி 16ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. கல்லறையிலிருந்து ஓடிய பெண்கள் அச்சத்தால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவே. கேமரா கீழே விழுந்தாற்போன்ற முடிவு! படித்தவர்களால் அதைத் தாங்கிக்கொள்ள இயலவில்லை. பிற கைகள் முடிவுகளைச் சேர்த்தன. அவற்றுள் நீண்டதே இன்று நம் விவிலியத்தில் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள். திரெந்து பொதுச்சங்கம் 1546இல் நூல்களை அவற்றின் எல்லாப் பகுதிகளோடும் இறைவாக்காக ஏற்றது. ஆகவே அவ்வசனங்கள் நமக்குத் திருவிவிலியமே. அவற்றை மாற்கே எழுதினாரா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வது, அன்று அந்த மாணவியிடம் நாம் செய்த பிழை.

பிளேர் விட்ச் படத்தில் இன்னொன்றும் உண்டு. படம் பார்க்கும்போது எவரும் கேட்காத கேள்வி அது. மாணவர்களிடம் இரண்டு கேமராக்கள் இருந்தன. ஒன்று கருப்பு வெள்ளைப் படச்சுருளில் பதிவது, மற்றொன்று வண்ண வீடியோ. கடைசிக் காட்சியில் ஒருவர் கையில் ஒன்றும் மற்றவர் கையில் மற்றொன்றும் இருக்கின்றன. நாம் காண்பதோ இரண்டும் மாறிமாறி, அச்சம் படிப்படியாக உயரும்படி அழகாகக் கோக்கப்பட்ட காட்சி. அப்படியானால் கோத்தவர் யார்? காவல்துறையா, பெற்றோரா? எந்தக் காட்சியை வெட்டினார், எதை விட்டுவைத்தார்? படம் அதைச் சொல்வதில்லை. கண்டெடுத்தார்கள் என்னும் ஒரு சொல்லுக்குப் பின்னால் அந்தக் கை மறைந்துகொள்கிறது.

மெய், பொய் என்னும் பிரிவும் நாம் நினைப்பதுபோல் எளிதன்று. 1980இல் இத்தாலியில் ருஜ்ஜேரோ தெயோதாத்தோ என்பவர் எடுத்த 'கானிபல் ஹாலோகாஸ்ட்' இவ்வகைப் படங்களுக்கு மூதாதை. நாம் அதைப் பார்த்ததில்லை, எவருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டோம். அதன் வழக்கு மட்டும் நினைவில் நிற்கிறது. நடிகர்கள் ஓராண்டு காலம் மக்கள் கண்ணில் படாதிருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டதால், அவர்கள் உண்மையிலேயே கொல்லப்பட்டனர் என்னும் ஐயம் எழுந்தது. இயக்குநர் அவர்களைத் தேடிப்பிடித்து, உயிரோடிருக்கிறார்கள் என்று காட்ட வேண்டியதாயிற்று. மனிதச் சாவுகள் பொய். ஆனால் அதே படத்தில் விலங்குகள் மெய்யாகவே கொல்லப்பட்டிருந்தன. ஒரே சுருளுக்குள் பொய்யும் மெய்யும் அடுத்தடுத்து. இது நிஜமா என்று மொத்தமாகக் கேட்பவனுக்கு அங்கே விடை கிடையாது.

கண்டெடுத்த கதை திரையுலகின் புத்தாக்கம் என்று எண்ணவேண்டா. திருச்சபையின் தொடக்க நூற்றாண்டுகளை அறிந்தவர்க்கு அது பழக்கமான கதையே. 'பவுலின் திருக்காட்சி' என்றொரு நூல் உண்டு. விண்ணகத்தையும் நரகத்தையும் தூய பவுல் சுற்றிப் பார்த்ததாக அது கூறும். அதன் முன்னுரை இன்றைய திரைக்கதை ஆசிரியர் எவரும் பொறாமைப்படத்தக்கது. தர்சு நகரில், ஒருகாலத்தில் பவுலுக்குரியதாயிருந்த வீட்டில், மதிப்புக்குரிய ஒருவர் குடியிருந்தாராம். வீட்டின் அடித்தளத்தைத் தோண்டும்படி வானதூதர் இரவில் அவருக்குக் கட்டளையிட்டார். அவர் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் முறை வானதூதர் சாட்டையால் அடித்தாராம். தோண்டினார், பளிங்குப் பேழை ஒன்று கிடைத்தது. திறக்க அஞ்சி நடுவரிடம் கொண்டுசென்றார். நடுவரும் அஞ்சி, ஈயத்தால் முத்திரையிட்டுப் பேரரசர் தெயொதோசியுவுக்கு அனுப்பினார். உள்ளே இந்த நூலும், நற்செய்தி அறிவித்துத் திரிந்தபோது பவுல் அணிந்திருந்த காலணிகளும் இருந்தனவாம். முன்னுரை தரும் ஆட்சிக்குறிப்பின்படி அது 388ஆம் ஆண்டு. அந்தக் காலணிகளைச் சேர்த்தவரின் கைத்திறனை நாம் மெச்சாமலிருக்க முடியவில்லை.

ஐந்தாம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய சோசொமென் இக்கதையைக் கேள்விப்பட்டார். அவர் செய்தது எளிய காரியம். தர்சுத் திருச்சபையைச் சேர்ந்த, நரைத்து முதிர்ந்த குரு ஒருவரிடம் விசாரித்தார். அப்படியொன்று நடந்ததாகத் தாம் கேள்விப்பட்டதே இல்லை என்றார் அம்முதியவர். தப்பறையாளர்கள் கட்டிய கதையாக இருக்கக்கூடும் என்றும் சொன்னார். அகுஸ்தினாரும் அந்நூலைத் தள்ளினார். மக்களோ தள்ளவில்லை. இடைக்காலம் முழுவதும் அது படிக்கப்பட்டது, நரகத்தைப் பற்றிய மேலைநாட்டுக் கற்பனையில் அதன் சாயல் தங்கிவிட்டது. வரலாற்றாசிரியரின் கேள்வி எவ்வளவு சாதாரணமானது என்பதைச் சோசொமென் காட்டுகிறார். அந்த ஊரார் யாராவது பார்த்தார்களா?

இன்றைய அறிஞர்களும் கண்டெடுத்த கதைகளின் மயக்கத்திலிருந்து தப்பியவர்கள் அல்லர். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதிக்கு அருகில் கிடைத்த ஏடுகளின் கதை நம் தலைமுறையினர் வகுப்பில் வாய்பிளந்து கேட்டது. உரமண் தோண்டச் சென்ற உழவர், மூடிய சாடி, உள்ளே பூதம் இருக்குமோ என்னும் அச்சம், அடுப்பெரிக்கச் சில தாள்களைப் பயன்படுத்திய தாய், இடையில் ஒரு குடும்பப் பழிவாங்கல். 2013இல் மார்க் குட்ஏக்கரும், 2014இல் நிக்கோலா டென்சி லூயிஸ், ஜஸ்டின் பிளவுண்ட் ஆகியோரும், அக்கதையின் பல வடிவங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று சுட்டிக்காட்டினர். கதை ஐயத்துக்குரியது, ஆனால் ஏடுகள் பழமையானவை. 2012இல் உரோமையில் அறிவிக்கப்பட்ட, 'இயேசுவின் மனைவி நற்செய்தி' என்று பெயர் சூட்டப்பட்ட சிறு துண்டுக்கு நேர்ந்தது நேர் எதிர். பாப்பிரசு பழையது, அதன்மேல் எழுதியது போலி. அறிவித்த பேராசிரியரே 2016இல் அது போலியாகவே இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டார். துண்டின் எழுத்தைவிட அது யார் கையிலிருந்து வந்தது என்னும் தேடலே முடிவில் உண்மையை வெளிக்கொணர்ந்தது.

குருவாகிய நம்மை இவையெல்லாவற்றினும் மிகுதியாகத் தைப்பது ஒரு பழைய செய்தி. ஆசியா மாநிலத்துக் குரு ஒருவர் பவுலின் பெயரால் ஒரு நூல் புனைந்தார் என்று தெர்த்துல்லியன் எழுதுகிறார். அகப்பட்டதும் அவர் மறுக்கவில்லை. பவுல்மீது கொண்ட அன்பினால் செய்தேன் என்றாராம். பணியிலிருந்து விலகினார். பணத்துக்காகவும் பட்டத்துக்காகவும் புனைகிறவர்களைப் புரிந்துகொள்வது எளிது. அன்பினால் புனைந்தவர் நமக்கு மிக அருகில் நிற்கிறார். மறையுரை உருக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காக, நம்மிடம் உள்ள சான்று தாங்கக்கூடியதைவிட ஒரு பிடி அதிகமாகச் சொல்லாத குரு உண்டா?

இனிப் பெர்பெத்துவாவிடம் வருவோம்.

ஏட்டின்படி அவள் நற்குடியில் பிறந்தவள், கல்வி கற்றவள், மணமானவள், ஏறத்தாழ இருபத்திரண்டு வயதினள், பால்குடிக் குழந்தையின் தாய். வட ஆப்பிரிக்காவில், திருமுழுக்குக்கு ஆயத்தமாயிருந்த நிலையில் வேறு சிலரோடு கைதுசெய்யப்பட்டாள். அவர்களுள் ஒருத்தி பெலிசித்தா, கர்ப்பிணியான அடிமைப்பெண். சீசர் கேட்டாவின் பிறந்தநாளையொட்டி நடந்த களக்காட்சியில் அவர்கள் கொல்லப்பட்டனர். 203ஆம் ஆண்டு மார்ச் 7 என்பது பெரும்பாலோர் ஏற்கும் நாள்.

ஏடு மூன்று கைகளால் ஆனது. பெயர் கூறாத ஒருவர் தொடங்குகிறார். ஆட்களை அறிமுகம் செய்கிறார். இனி அவளே பேசுவாள், தன் கையால் தன் கருத்துப்படி எழுதிவைத்தபடியே தருகிறேன் என்னும் பொருள்படச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அதன்பின் வருவது சிறைக்குறிப்பு. அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நாம் தடுமாறும் இடம் தண்ணீர்ச் சாடியைப் பற்றிய பகுதி. மன்றாடும் தந்தையிடம் அவள், அங்கே கிடந்த சாடியைச் சுட்டிக்காட்டி, இதற்கு இதன் பெயரன்றி வேறு பெயர் உண்டா என்று கேட்கிறாள். இல்லை என்கிறார். அதுபோலவே நானும் கிறிஸ்தவள் என்பதன்றி வேறொன்றாக என்னைச் சொல்ல இயலாது என்கிறாள். பின்னர்ச் சிறை. அத்தகைய இருட்டை அவள் முன்பு கண்டதில்லை. வெப்பம், நெரிசல், காவலரின் மிரட்டல், குழந்தையைப் பற்றிய கவலை. தெர்த்தியு, பொம்போனியு என்னும் திருத்தொண்டர் இருவர் காவலருக்குக் காசு கொடுத்து, கைதிகளைச் சில மணிநேரம் நல்ல பகுதிக்கு மாற்றச் செய்கின்றனர். அங்கே, பசியால் சோர்ந்திருந்த குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். குழந்தை தன்னோடு தங்க இசைவு கிடைத்தபோது சிறையே அவளுக்கு மாளிகையாகிறது. காசு கொடுத்த திருத்தொண்டர்களை மறைசாட்சியின் ஏடு மறைக்கவில்லை என்பது ஒரு புறம். அவர்களைக் குறைகூறவும் இல்லை.

அவள் கண்ட காட்சிகளும் அதில் உள்ளன. ஆயுதங்கள் தொங்கும் ஏணி, அடியில் பாம்பு. ஏழு வயதில் முகப்புண்ணால் இறந்த தம்பி தினோக்கிராத்து, எட்டாத உயரத்திலிருக்கும் தண்ணீரைக் குடிக்க எட்டி எட்டித் தவிக்கிறான். அவள் அவனுக்காக மன்றாடுகிறாள். மற்றொரு காட்சியில் விளிம்பு தாழ்ந்திருக்கிறது, பையன் குடித்துவிட்டுச் சிறுபிள்ளைகளைப் போல விளையாடப் போகிறான். இறுதியில், களக்காட்சிக்கு முந்திய நாள்வரை தான் எழுதியிருப்பதாகவும், களத்தில் நடப்பதை விருப்பமுள்ளவர் எழுதட்டும் என்றும் சொல்லி எழுதுகோலை வைத்துவிடுகிறாள்.

அடுத்து, சாத்தூரு என்னும் தோழர் எழுதியதாக ஒரு காட்சி. விண்ணகத்தின் வாயிலுக்கு வெளியே ஆயர் ஒப்தாத்துவும் குரு அஸ்பாசியுவும் தனித்தனியே வருத்தத்தோடு நிற்கின்றனர். தங்களைச் சமாதானம் செய்துவைக்கும்படி மறைசாட்சியரின் காலில் விழுகின்றனர். மறைமாவட்ட இதழில் இதை எழுதும் குரு இதற்குமேல் ஒன்றும் சொல்லாதிருப்பதே நலம்.

அதன்பின் முதலில் பேசியவர் மீண்டும் வருகிறார். தகுதியற்றவனாயினும் அவளுடைய கட்டளையை, அவள் விட்டுச்சென்ற பொறுப்பை, நிறைவேற்றுகிறேன் என்னும் கருத்தோடு தொடங்கி, களத்தில் நடந்ததை எழுதி முடிக்கிறார்.

இவ்வேடு நமக்கு வந்த வழியும் கண்டெடுத்த வழியே. வத்திக்கான் நூலகத்தில் பணியாற்றிய லூக்காசு ஹோல்ஸ்தேனியு மோந்தே கசினோ துறவுமடத்தில் இலத்தீன் ஏட்டைக் கண்டார். அவர் இறந்தபின் 1663இல் அது அச்சேறியது. கிரேக்க வடிவம் ஒன்றை 1889இல் எருசலேமில் ரெண்டல் ஹாரிஸ் கண்டார். கிரேக்கமே மூலம் என்று சிலகாலம் கருதப்பட்டது. இன்று பெரும்பாலோர் இலத்தீனே மூலம் என்பர்.

அது அவள் எழுதியதுதானா? ஆம் என்போர் கூறுவன வலுவானவை. மூன்று பகுதிகளின் மொழிநடையும் வாக்கியங்களின் ஒலியோட்டமும் வேறுவேறு. தொகுப்பாளரின் இலத்தீன் அணி நிறைந்தது, அவளுடையதோ எளியது, தாவித் தாவிச் செல்வது. கிறிஸ்தவ நம்பிக்கையாளர் அல்லாத ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ஈ. ஆர். டாட்ஸ், 1965இல் வெளியிட்ட நூலில் அக்குறிப்பை மெய்யானதென்றே ஏற்றார். அவளுடைய கனவுகள், பிறருக்குப் பாடம் புகட்டப் புனைந்தவைபோல் அல்லாமல், உண்மையில் கண்ட கனவுகள்போல் இருக்கின்றன.

எதிர்வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. உரோமைப் பேரரசின் பள்ளிகளில் பிறர் குரலில் பேசி எழுதுவது அன்றாடப் பயிற்சி. மகனை இழந்த தாய் என்ன பேசுவாள் என்று பதினைந்து வயது மாணவன் எழுதிப் பழகுவான். அத்தகைய பயிற்சியில் தேர்ந்தவரால் எளிய பெண்குரல் ஒன்றைப் படைக்க முடியாதா? 2022இல் எல்லன் மியூல்பெர்கர் எழுதிய கட்டுரை ஒன்று இந்த அக்கறையோடுதான், அது அவளுடையது என்னும் முன்முடிவை விட்டுவிட்டு ஏட்டைப் படிக்கும்படி கேட்கிறது. பெண் எழுதிய மிகப் பழைய கிறிஸ்தவ ஏடு நமக்கு வேண்டும் என்னும் ஆசை, நம் கண்ணை மறைக்கக்கூடும். பிளேர் விட்ச் காட்டில் நடிகர்களின் குரலும் மூவேறு விதமாகவே ஒலித்தது.

இவற்றையெல்லாம் நாம் படித்துக்கொண்டிருந்தபோது, அகுஸ்தினாரின் நூலொன்றில் ஒரு சிறு தொடர் கண்ணில் பட்டது. பெர்பெத்துவாவின் விழாவன்று அவர் ஆற்றிய மறையுரைகள் நமக்குக் கிடைத்துள்ளன. அவளைப் போற்றுவதில் அவர் எவருக்கும் குறைந்தவர் அல்லர். ஆனால் 419 அளவில், ஆன்மாவின் தோற்றத்தைப் பற்றி எழுதும்போது, திருமுழுக்குப் பெறாது இறந்த குழந்தைகளும் மீட்படைவர் என்று காட்ட ஒருவர் தினோக்கிராத்துவின் கதையை எடுத்துக்காட்டியதை மறுக்க நேர்ந்தது. அவ்வேடு திருமுறை நூல்களுள் ஒன்றன்று என்கிறார் அகுஸ்தினார். மேலும், சிறுவன் திருமுழுக்குப் பெறாமல் இறந்தான் என்று பெர்பெத்துவாவோ, அதை எழுதியவர் எவராயினும் அவரோ, சொல்லவில்லை என்கிறார். எழுதியவர் எவராயினும்! அவள் இறந்து இரண்டு நூற்றாண்டுகளே ஆகியிருந்தன, அவள் இரத்தம் சிந்திய அதே ஆப்பிரிக்காவின் ஆயர் அவர். ஐயத்தை ஓர் அடைமொழியைப் போல இடையில் வைத்துவிட்டு வழக்கம்போல் மேலே செல்கிறார். விழாவை அவர் நிறுத்தவில்லை. ஐயத்தையும் ஒளிக்கவில்லை.

அவரால் அப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம் உண்டு. அவளுடைய நினைவு அந்த ஏட்டின்மீது மட்டும் நிற்கவில்லை. 354ஆம் ஆண்டின் உரோமைப் பட்டியல், ஆப்பிரிக்காவின் பெர்பெத்துவா, பெலிசித்தா ஆகியோரை மார்ச் 7ஆம் நாளுக்கு உரியவராகக் குறிக்கிறது. கார்த்தேஜில் அவர்கள் அடக்கம் செய்யப்பட்ட பேராலயத்தை ஆப்பிரிக்கத் திருச்சபை அறிந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருட்தந்தை தெலாத்ர் அங்கே அகழ்ந்தபோது, அவர்களுடைய பெயர்கள் பொறித்த கல்வெட்டின் உடைந்த துண்டுகள் வெளிவந்தன. சோசொமென் கேட்ட கேள்விக்குக் கார்த்தேஜ் ஊரார் ஆம் என்கிறார்கள். தர்சு ஊரார் இல்லை என்றார்கள்.

ஏட்டைப் பற்றியோ, அந்தப் பெயரில்லாத தொகுப்பாளரை நாம் மீண்டும் மீண்டும் எண்ணுகிறோம். அவர் தெர்த்துல்லியன்தான் என்று சிலர் சொன்னதுண்டு. இன்று அதை ஏற்பார் குறைவு. திரைப்படத்தில் கோத்த கை ஒளிந்துகொண்டது என்றோம். இவர் ஒளியவில்லை. இதுவரை நான், இனி அவள், இனி அவர், மறுபடியும் நான் என்று ஒட்டிய இடங்களையெல்லாம் நம் கண்முன் வைக்கிறார். இதுவும் ஒரு நடிப்பாக இருக்கலாம் என்று அந்த மாணவி சொல்லக்கூடும், அதை மறுக்க நம்மிடம் ஆயுதம் இல்லை. ஆயினும் பிற்காலத்தார் செய்ததோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அவளுடைய குறிப்பில் கணவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தொகுப்பாளர், மணமானவள் என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த வெற்றிடம் பின்வந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. பிற்காலச் சுருக்க ஏடுகள் கணவனை அழைத்துவந்து வழக்குமன்றத்தில் நிறுத்துகின்றன. அவள் சொல்லாததை இவர் அவள் வாயில் திணிக்கவில்லை. நம்மிடம் இருந்தால் இரண்டு பத்தி எழுதியிருப்போம்.

திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டில் பெலிசித்தா, பெர்பெத்துவா என்று இன்றும் வாசிக்கிறோம். அப்பெயர்களை வாசிக்கும்போது நமக்கு ஐயம் இல்லை. அடுத்த ஆண்டு மறையுரையில், அவள் கைப்பட எழுதியது என்று சொல்லாமல், அவள் எழுதியதாக அவளுடைய திருச்சபை நம்மிடம் ஒப்படைத்தது என்று சொல்லவிருக்கிறோம். அதிகாலைத் திருப்பலிக்கு வரும் பாட்டிமார் இந்த வேறுபாட்டைக் கவனிப்பார்களா என்பது ஐயமே.

அந்த மாணவியை அழைத்து, நம்மிடமிருந்த ஏட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுத்தோம். அன்று சொன்னது பதிலன்று என்பதையும் சொன்னோம். ஒரு வாரம் வைத்திருந்து திருப்பித் தந்தாள். அகுஸ்தினாரின் தொடரைப் பற்றியோ, தொகுப்பாளரைப் பற்றியோ கேட்பாள் என்று காத்திருந்தோம்.

"அந்தக் குழந்தை என்னாச்சு ஃபாதர்?" என்று கேட்டாள்.

தீர்ப்புக்குப் பின் குழந்தையைக் கேட்டுத் திருத்தொண்டர் பொம்போனியுவை அவள் தந்தையிடம் அனுப்புகிறாள். தந்தை தர மறுத்துவிடுகிறார். குழந்தை அதன்பின் பால் கேட்கவில்லை, தனக்கும் மார்பு கட்டவில்லை என்று குறிப்பு சொல்கிறது. அதற்குமேல் அந்தக் குழந்தையைப் பற்றி அவளும் எழுதவில்லை, தொகுப்பாளரும் எழுதவில்லை.